டவர் லைன், டிரான்ஸ்பார்மர், தோப்புக் கம்பி: மூன்று மனையில் எதை வாங்கலாம்?

குமரி மாவட்டத்தில் மனை பார்க்கக் கிளம்பினால் மின்கம்பி தலைக்கு மேலே வராத இடமாகக் கிடைப்பது கஷ்டம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைக்காரர்கள் தயாரிக்கிற மின்சாரம் டவர் டவராகத் தாண்டிப் போகிறது, நாகர்கோவில் சந்துகளில் முக்குக்கு ஒரு டிரான்ஸ்பார்மர், மேற்கே கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் போனால் தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே நுழைந்து போகிற 11 கிலோவோல்ட் கம்பி. எங்கள் அண்ணன் வீடு கட்ட மூன்று இடம் பார்த்து வைத்திருந்தார், மூன்றிலும் இதில் ஒன்று இருந்தது.

முதலாவது தோவாளை பக்கம். நல்ல சதுரமான மனை, தண்ணீர் உண்டு, விலையும் மற்ற இரண்டைவிடக் குறைவு, ஆனால் மனையின் கிழக்கு எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 110 கிலோவோல்ட் டவர் லைன் போகிறது. வீடு கட்ட நினைக்கிற இடத்திலிருந்து கிட்டத்தில் இருக்கிற கம்பி சுமார் 40 மீட்டர். இரண்டாவது நாகர்கோவில் டவுனுக்குள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிற தூரம், காம்பவுண்டு சுவரை ஒட்டினாற்போல் ஒரு 100 கேவிஏ திறனுள்ள டிரான்ஸ்பார்மர், தெரு ஓரமாக எல்.டி. லைன், அதாவது வீடுகளுக்கு மின்சாரம் தருகிற குறைந்த வோல்ட்டேஜ் லைன். மூன்றாவது கருங்கல் பக்கம் ஒரு தோப்பு, பார்த்தவுடன் மனசு போய்விடும், குறுக்கே மூன்றே மூன்று மெல்லிய கம்பி, 11 கிலோவோல்ட்.

மைனிக்கு, அதாவது அண்ணிக்கு, தோவாளை மனை வேண்டவே வேண்டாம். "பிள்ளைகள வச்சிட்டு அந்த டவர் பக்கத்துல எப்படித் தம்பி இருக்குறது?" என்று கேட்டார். கருங்கல் தோப்பைப் பற்றி அவருக்கு ஒரு பயமும் இல்லை. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவன், அதனால் கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. நான் சொன்ன முடிவு பெரும்பாலானவர்கள் நினைப்பதற்கு நேர் எதிரானது, அது ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு இந்த மாவட்டத்தில் நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கம்பியைச் சுற்றி இருப்பது ஒரு புலம் இல்லை, இரண்டு. மின்புலம் வோல்ட்டேஜைப் பொறுத்தது. கம்பியில் வோல்ட்டேஜ் இருந்தால் போதும், யாரும் மின்சாரம் இழுக்காவிட்டாலும் அது இருக்கும். காந்தப்புலம் கரன்டைப் பொறுத்தது, ஆம்பியர் ஓடினால்தான் உண்டு. ஸ்விட்ச் போடாத டேபிள் பேனின் வயரைச் சுற்றி மின்புலம் இருக்கலாம், காந்தப்புலம் கிடையாது. மின்புலத்தைச் சுவரும் மரமும் கூரையும் பெருமளவு தடுத்துவிடும், மண்ணைத் தொட்டு நிற்கிற எதுவும் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். காந்தப்புலத்துக்குச் செங்கல் சுவர் ஒரு பொருட்டே இல்லை, உள்ளே வந்துவிடும். டவரைப் பார்த்து ஆட்கள் பயப்படுவது 110 ஆயிரம் வோல்ட் என்ற எண்ணுக்காக. உண்மையில் அந்த எண் உண்டாக்குவது மின்புலத்தை, அதுதான் வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே நின்றுவிடுகிறது.

சரி, அளவு எவ்வளவு? நேரான ஒரே ஒரு கம்பியில் ஓடும் கரன்டுக்கு, ஆம்பியரை மீட்டரால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் மைக்ரோடெஸ்லா என்ற அலகில் காந்தப்புலம் கிடைக்கும். 100 ஆம்பியர், 10 மீட்டர் தூரம் என்றால் 2 மைக்ரோடெஸ்லா. ஆனால் லைனில் மூன்று பேஸ், அதாவது கரன்டு சுமக்கிற மூன்று கம்பி, இருக்கிறது, மூன்றின் கரன்டும் ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு பங்கு சுற்று தள்ளி ஓடுவதால் தூரத்தில் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கின்றன. அதனால் தூரம் இரண்டு மடங்கானால் புலம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. எவ்வளவு மிஞ்சும் என்பது கம்பிகளுக்கு இடையிலான இடைவெளியைப் பொறுத்தது, இடைவெளி குறைந்தால் அழிவு அதிகம்.

இதைத் தோவாளை மனைக்குப் போட்டுப் பார்த்தேன். லைனில் 300 ஆம்பியர், கம்பிகளுக்கு நடுவே மூன்றரை மீட்டர் என்று தாராளமாகவே வைத்தால் கம்பிக்கு நேர் கீழே நிற்கிறவருக்கு 5 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி வரும், 40 மீட்டர் தள்ளி வீட்டில் 0.2-ஐ ஒட்டி வரும். மின்புலம் லைனுக்குக் கீழே மீட்டருக்கு ஆயிரம் வோல்ட்டை ஒட்டி இருக்கலாம், 40 மீட்டரில் அது சில பத்து வோல்ட்டுக்கு இறங்கிவிடும், சுவருக்கு உள்ளே அதுவும் மிச்சமிருக்காது. இன்னொரு விஷயமும் உண்டு. அந்த லைன் காற்றாலை மின்சாரத்தைச் சுமக்கிற லைன் என்றால் அதில் 300 ஆம்பியர் வருடம் முழுக்க ஓடாது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சுழற்றி அடிக்கிற மாதங்களில்தான் ஏறும், மற்ற நாட்களில் பாதிக்கும் கீழே கிடக்கும். வோல்ட்டேஜ் அப்படியே இருக்கும், கரன்ட் மட்டும் காற்றோடு ஏறி இறங்கும்.

இப்போது டவுன் மனை. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் முழு லோடில் எல்.டி. பக்கம் 133 ஆம்பியர் தரும், 433 வோல்ட்டையும் மூன்றின் வர்க்கமூலத்தையும் வைத்து வகுத்தால் வருகிற எண் அது. டிரான்ஸ்பார்மர் தொட்டிக்கு உள்ளே இருக்கிற காந்தப்புலம் பெரிசு, ஆனால் அது இரும்புக் கருவுக்குள்ளேயே சுற்றி வருகிறது, வெளியே கசிவது கொஞ்சம்தான். வெளியே வருவது பெரும்பாலும் எல்.டி. பெட்டிக்கு இறங்குகிற கேபிள்களிலிருந்துதான். அவை நெருக்கமாக இருப்பதால் சீக்கிரம் அழிந்துவிடும்: ஒரு மீட்டரில் 7 மைக்ரோடெஸ்லா என்று வைத்தால் மூன்று மீட்டரில் 0.8, ஆறு மீட்டரில் 0.2. ஆக டிரான்ஸ்பார்மரே கூடப் பிரச்சினை இல்லை, சுவரை ஒட்டிப் படுக்கையறை போடாமல் அந்தப் பக்கம் கார் ஷெட்டையோ குளியலறையையோ வைத்தால் முடிந்தது. (அது ராத்திரி முழுக்க உம்ம் என்று முனகுவது வேறு விஷயம். கரு இரும்பு காந்தப்புலத்தில் நொடிக்கு 100 தடவை நீண்டு சுருங்குகிற சத்தம் அது, தூக்கம் லேசானவர்கள் ராத்திரி ஒருமுறை போய் நின்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.)

டவுன் மனையில் நான் கவலைப்பட்டது தெரு ஓரத்து எல்.டி. லைனைப் பற்றி. மாடி ஜன்னலிலிருந்து மூன்று மீட்டரில் 80 ஆம்பியர் ஓடினால் 0.9 மைக்ரோடெஸ்லா வரை வருகிறது. 40 மீட்டரில் நிற்கிற டவர் லைனைவிட இது நான்கு மடங்கு! 415 வோல்ட் லைன், யாரும் ஏறெடுத்தும் பார்க்காத லைன். தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற ஏப்ரல், மே ராத்திரிகளில்தான் அது உச்சத்துக்குப் போகும், அதாவது பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில். மூன்று பேஸிலும் லோடு சமமாக இல்லாமல், நியூட்ரல் என்ற திரும்பு கம்பியில் வர வேண்டிய கரன்டில் ஒரு பங்கு அந்தக் கம்பி வழியே திரும்பாமல் எர்த் வழியாகத் திரும்பினால் நிலைமை இன்னும் மாறும். அந்த மிச்சக் கரன்டை அழிக்க ஜோடி இல்லை, அதனால் அதன் புலம் தூரம் இரண்டு மடங்கானால் பாதியாகத்தான் குறையும், பத்து ஆம்பியர் அப்படிப் போனாலே மூன்று மீட்டரில் 0.7.

இந்த எண்களுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று மைனி கேட்டது நியாயமான கேள்வி. இந்த மாதிரிப் புலங்களுக்கும் ரேடியோ அலை போன்ற அயனியாக்காத கதிர்வீச்சுக்கும் வரம்பு வகுக்கிற ஐசிஎன்ஐஆர்பி என்ற பன்னாட்டு ஆணையம் பொதுமக்களுக்கு 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தில் 1998-ல் 100 மைக்ரோடெஸ்லா என்று வைத்தது, 2010-ல் அதை 200 ஆக்கியது. மின்புலத்துக்கு மீட்டருக்கு 5,000 வோல்ட். மாறுகிற காந்தப்புலம் உடம்புக்குள் சின்னச் சின்ன மின்னோட்டங்களைத் தூண்டும், பாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே விதி, அந்த மின்னோட்டம் நரம்பைத் தொந்தரவு செய்கிற அளவுக்குப் போகக்கூடாது என்பதுதான் இந்த வரம்புகளின் அடிப்படை. மூன்று மனையிலும் வீட்டுக்குள் வருவதாக நாம் பேசுவது அந்த வரம்பின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே.

ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும். 1979-ல் அமெரிக்காவின் டென்வரில் வெர்தைமர், லீப்பர் என்ற இருவர் மின்கம்பிக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதியதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. 2000-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நாள் சராசரி 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த வீடுகளில் அந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்பட்டது, ஆனால் அப்படிப்பட்ட வீடுகளில் இருந்த குழந்தைகளின் எண்ணிக்கையே மிகக் குறைவு. 2002-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் காந்தப்புலத்தை 2பி என்ற வகையில், 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம்' என்ற இடத்தில் வைத்தது. மின்புலத்தைப் பற்றி அப்படிச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டது. புலம்தான் காரணம் என்று சொல்லப் போதுமான வலு ஆதாரத்தில் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை சொல்கிறது, இவ்வளவு சின்னப் புலம் செல்லுக்குள் என்ன செய்து நோய் வரவைக்கும் என்பதற்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் கிடையாது. நோயும் அபூர்வமானது. என் கருத்து இது: பயந்து மனையை விட வேண்டியதில்லை, ஆனால் காசு செலவில்லாமல் 0.3-க்குக் கீழே இருக்க வழி இருந்தால் இருந்துவிடலாம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தோவாளை மனை தேறுகிறது, டவுன் மனையின் மாடி முன்னறை தேறவில்லை.

அண்ணன் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் செய்கிறார்கள். போனில் காந்தப்புலம் அளக்கிற ஆப் ஒன்றை இறக்கி, டவர் பக்கம் போய் நின்று, 41 மைக்ரோடெஸ்லா காட்டுகிறது என்று படம் எடுத்து அனுப்பினார். வீட்டு வாசலிலும் ஒருமுறை பாருங்கள் என்றேன், அங்கேயும் 40. அது பூமியின் காந்தப்புலம்! போனில் இருப்பது திசைகாட்டிக்கான உணரி, நொடிக்கு 50 தடவை திசை மாறுகிற புலத்தை ஒழுங்காகப் பிடித்துக் காட்ட அது ஏற்பட்டதல்ல. பூமியின் புலம் எண்ணில் பெரிசு, ஆனால் மாறாமல் நிற்கிறது, அதனால் அது உடம்பில் எதையும் தூண்டுவதில்லை. நம்ம ஊருக்கு இதில் ஒரு பழைய பெருமையும் உண்டு. காந்த நடுக்கோடு நம் பக்கமாகப் போவதால் இங்கே பூமியின் புலம் ஏறக்குறைய தரைக்குக் கிடையாகவே இருக்கிறது, காந்த ஊசியைத் தொங்கவிட்டால் சாயாமல் படுத்தாற்போல் நிற்கும். குமரி திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1850-களில், ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்து அறிவியலாளர் திருவனந்தபுரம் வானாய்வகத்திலும் அகத்தியமலை உச்சியிலும் கருவிகளை வைத்துக் காந்தப்புலத்தை அளந்து கொண்டிருந்தார். திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் விடத் தேர்ந்தெடுத்ததும் இதே நடுக்கோட்டுக்காகத்தான். உண்மையாகவே அளக்க வேண்டுமென்றால் 50 ஹெர்ட்ஸ் மாறுபுலம் காட்டுகிற காஸ் (gauss) மீட்டர் வேண்டும். அதில் எண் மில்லிகாஸில் வரும், பத்து மில்லிகாஸ் ஒரு மைக்ரோடெஸ்லா. பகலில் ஒருமுறை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

மொபைல் டவரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது ரேடியோ அலை, அதற்கு வேறு வரம்பு, வேறு கணக்கு.

இனி கருங்கல் தோப்பு. 11 கிலோவோல்ட் லைன், முப்பது ஆம்பியர், ஐந்து மீட்டரில் 0.4 மைக்ரோடெஸ்லா, வீட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் அதுவும் இல்லை. புலம் என்று பார்த்தால் இதுதான் மூன்றில் சாது. ஆனால் நான் வேண்டவே வேண்டாம் என்று சொன்னது இதைத்தான்.

காரணம், இந்த ஊரில் ஆளைக் கொல்வது மைக்ரோடெஸ்லா இல்லை, கம்பி. காற்று மின்சாரத்துக்கு நல்ல தடுப்பு, சென்டிமீட்டருக்கு 30 ஆயிரம் வோல்ட் வரை தாங்கும். அதனால்தான் உறை இல்லாத கம்பியைத் தலைக்கு மேலே கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிறது. ஆனால் அலுமினியத் தொரட்டியோடு தேங்காய் பறிக்க ஒருவர் நிற்கிறார், தொரட்டி நுனி கம்பியில் பட்டுவிட்டால் காற்றின் தடுப்பு என்ற பேச்சே இல்லை, கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் அவர்தான் பாலம். மழையில் நனைந்த மூங்கிலும் நம்பக்கூடியதல்ல. தோப்பு என்றால் தேங்காய் பறிக்காமல் இருக்கப் போவதில்லை, ஓலையும் கம்பியில் விழாமல் இருக்கப் போவதில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், மரம் மரமாகக் கம்பி மேல் சாய்ந்து, போஸ்ட்டுகள் ஆயிரக்கணக்கில் ஒடிந்து, கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. டவர் லைன் மரங்களைவிட உயரத்தில், வெட்டிச் சுத்தம் செய்த பாதையில் போகிறது. தோப்புக் கம்பி மரத்தோடு மரமாக நிற்கிறது.

அறுந்து மண்ணில் கிடக்கிற கம்பியைப் பற்றி இன்னொன்று. கரன்ட் அந்த இடத்திலிருந்து மண்ணுக்குள் நாலாபக்கமும் பரவுகிறது, அதனால் தரையில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே வோல்ட்டேஜ் வித்தியாசம் உண்டாகிறது, கம்பியை நெருங்க நெருங்க அது அதிகம். கால் அகட்டி நடந்தால் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் தூரம் அதிகம், வழியில் இதயமும் இருக்கிறது, அதனால்தான் கம்பியைத் தொடாமலேயே மாடு செத்துக் கிடப்பதைப் பார்க்கிறோம். அப்படி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துத் தரையோடு தேய்த்தபடி விலகி வர வேண்டும், ஓடக்கூடாது. இதைப் பிள்ளைகளுக்கும் தோப்பில் வேலைக்கு வருகிறவர்களுக்கும் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்.

தோப்பு மனை அவ்வளவு பிடித்துவிட்டது என்றால் ஒரு வழி உண்டு, நம் செலவில் லைனை ஓரமாக மாற்றித் தர இ.பி. ஆபீசில் மனு கொடுப்பது. எஸ்டிமேட் எவ்வளவு வரும் என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள், அந்தத் தொகையை மனை விலையோடு கூட்டிப் பார்த்தால் சில சமயம் டவுன் விலைக்கே வந்து நிற்கும்.

தோவாளை மனையிலும் சும்மா இறங்கிவிட முடியாது. 110 கிலோவோல்ட் லைனுக்கு 22 மீட்டர் அகலப் பாதை விடுவது நடைமுறை, அதற்குள் எதுவும் கட்டக்கூடாது. 2010-ல் வந்த மத்திய மின்சார ஆணைய விதிப்படி கட்டடத்துக்கும் கம்பிக்கும் பக்கவாட்டில் 2.9 மீட்டராவது இருக்க வேண்டியிருந்தது, 11 கிலோவோல்ட்டுக்கு 1.2 மீட்டர். காற்றில் கம்பி ஊஞ்சலாடும்போது இருக்கிற தூரம் அது, ஆரல்வாய்மொழிக் காற்றில் எவ்வளவு ஆடும் என்று நேரில் பார்த்தால் தெரியும். 2023-ல் விதிகள் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன, அதனால் உங்கள் மனைக்கு என்ன தூரம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டவர் லைனுக்காக நிலத்தை வாங்கிப் பதிவு செய்வது வழக்கமில்லை, பயன்படுத்தும் உரிமை மட்டும்தான் எடுப்பார்கள், ஆகவே வில்லங்கச் சான்றிதழில் அது தெரியாமல் போகலாம். சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது என்று புரோக்கர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

லைன் பக்கமாகத் தகர ஷீட் கொட்டகை போடுவதாக இருந்தால் ஷீட்டை எர்த் பண்ண வேண்டும். மின்புலம் மண்ணோடு தொடர்பில்லாத பெரிய உலோகப் பரப்பில் மின்னூட்டத்தை ஏற்றிவிடும், கை வைத்தால் சுருக்கென்று அடிக்கும். லைனுக்கு இணையாக நீளமான கம்பியில் துணி காயப்போடுவதற்குப் பதில் நைலான் கயிறு கட்டுங்கள். மழை, பனி நேரத்தில் டவரிலிருந்து சரசரவென்று சத்தம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஈரமான இன்சுலேட்டரில் நடக்கிற சின்னக் கசிவு அது.

அண்ணன் தோவாளை மனையை எடுத்தார். மைனி ஒரு நிபந்தனை வைத்தார், பிள்ளைகளின் அறை மேற்குப் பக்கம் இருக்க வேண்டும் என்று. நல்ல யோசனைதான், இன்னும் பத்து மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. என் பங்குக்கு நான் சொன்னது வயரிங் பற்றி. பேஸ் ஒரு பைப்பிலும் நியூட்ரல் வேறு பைப்பிலும் போகும்படி இழுத்தால், மாடிப்படி டூவே ஸ்விட்சில் இது அடிக்கடி நடக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அறை முழுக்க ஒரு பெரிய சுற்றுக்குள் வந்துவிடும், கரன்ட் அழிய ஜோடி பக்கத்தில் இல்லாததால் 40 மீட்டர் தள்ளி இருக்கிற டவர் தருவதைவிட அதிகப் புலம் சொந்த வீட்டுச் சுவரிலிருந்தே வரும். போகிற வயரும் திரும்புகிற வயரும் ஒரே பைப்பில் போகட்டும் என்று வயர்மேனிடம் பூச்சு வேலைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மெயின் போர்டும் இன்வெர்ட்டரும் கட்டில் தலைமாட்டுச் சுவரின் மறுபக்கம் வரக்கூடாது என்பதையும் அப்போதே பிளானில் குறித்துக் கொடுத்திருக்கிறோம்.